ஒரு கைக்கு ஒத்துவரும் சாமான்

சின்னவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. இந்த வயதிலும் அவளைச் சின்னவள் என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம், அது அவள் அக்கா. வேலை செய்யும் கடையில் அவளுக்குப் பெயர் டெமோ. 'டெமோ வந்தாச்சா, டெமோ டீ குடிச்சாச்சா' என்று மேனேஜர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அப்படித்தான் வாய் பழகியிருந்தது. மூன்று மாடிக் கடையில் இரண்டாவது மாடி முழுக்கச் சமையலறைச் சாமான்கள். படியேறி வந்ததும் எதிரே ஒரு மேஜை, மேஜைக்கு மேலே ஒரு விளக்கு, விளக்கு வெளிச்சத்தில் சின்னவளின் இரண்டு கைகள். பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் நின்று நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. கயிற்றை இழுத்தால் நறுக்கும் டப்பா, கைப்பிடியைச் சுற்றினால் துருவும் டப்பா, மூடியை அமுக்கினால் கட்டம் கட்டமாக வெட்டித் தள்ளும் டப்பா என்று எதைக் கொடுத்தாலும் வாங்கியே தீரவேண்டும் என்கிற வெறியைப் பார்க்கிறவர்களுக்கு உண்டாக்கிவிடுவாள். அதற்கென்று சில வேலைகள் உண்டு. கேரட்டை முதல் நாள் சாயங்காலமே வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் போட்டுவிடுவாள்; காலையில் அது சொன்னபடி கேட்கும். வெங்காயத்துக்கு இரண்டு முனையையும் சீவி, மேலே இரண்டு அடுக்கை உரித்து, அசையாமல் உட்காரும்படி செய்துவிடுவாள். உருளைக்கிழங்கில் சின்னதாக, இளசாகப் பொறுக்குவாள். இதை ஏமாற்று வேலை என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. போட்டோ எடுக்கப் போகிறவன் தலை வாரிக்கொண்டு போவதில்லையா, அந்த மாதிரிதான் என்பாள்.

அக்காவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. கால் தேறியது, பேச்சு தேறியது, வலது கை மட்டும் தேறவேயில்லை. முப்பது வருஷம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்த கை அது. அத்தான் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது, ஒரே மகன் வெளியூரில். இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள சொந்த வீட்டில் அக்கா தனியாக இருந்தாள். தினமும் ஒரு வேளை சின்னவள் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாள். மற்ற வேளைகளுக்கு ரொட்டி, முட்டை, பால் என்று அக்கா ஏதோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

அப்படி ஒப்பேற்றிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு நாள் சூப் குடிக்க ஆசை வந்தது. அடுப்பில் எண்ணெய் வைத்துவிட்டு இடது கையால் ஒரு கேரட்டோடு மல்லுக்கட்டினாள். கேரட் பலகையில் உருண்டு ஓடியது; இவள் துரத்தினாள். எண்ணெய் புகைந்து, பிடித்து, ஜன்னல் திரை எரிய ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

மகன் மறுநாள் காலை வந்து நின்றான். "போதும்மா, கிளம்பு," என்றான். அவனுக்கு ஐந்தாவது மாடியில் வீடு. லிஃப்ட் வாரத்துக்கு நாலு நாள் ஓடாது. அம்மாவுக்கென்று அவன் ஒழித்து வைத்திருந்தது துணி காயப்போடும் அறை. அக்கா அசையவில்லை. "என்னைத் தூக்கிக்கிட்டுதான் போகணும்," என்றாள். கத்தி, அழுது, சமாதானமாகி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் பெண் ஆறு வாரம் கழித்து வீட்டுக்கு வருவாள். அக்கா தனியாளாக ஒரு வேளைச் சாப்பாட்டைச் செய்து முடிப்பதைப் பார்ப்பாள். சரி என்று அவள் எழுதிக் கொடுத்தால் அக்கா இங்கேயே இருக்கலாம். இல்லை என்றால் ஐந்தாவது மாடி.

"கேரட்ட சீக்கிரம் வெட்டியிருந்தா எண்ணெய் எதுக்குப் புகையப் போகுது? இது கையோட பிரச்சனை. ஒத்தக் கைக்கு ஒத்துவர்ற சாமான் ஒண்ணு கிடைச்சா முடிஞ்சுது கதை," என்றாள் சின்னவள். அக்காவும் அதைத்தான் சொன்னாள். மகனும் தலையாட்டினான். வாளியோடு வந்த தையல்காரர்கூட அதுதான் சரி என்றார்.

"நம்ம கடையில இல்லாத சாமானா. நீ கவலைய விடுக்கா," என்றாள் சின்னவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கடையிலிருந்து கொண்டுவந்திருந்த எட்டுச் சாமான்களை வீட்டு மேஜையில் பரப்பினாள். அவள் புருஷன் பஸ் டிரைவர். அன்றைக்கு அவருக்கு ஓய்வு நாள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்.

"பன்னெண்டு வருஷமா ஊருக்கே விக்கிறே. நம்ம வீட்டுல ஒரு கத்தி, ஒரு பலகை. இன்னிக்குத்தான் இந்த வீட்டுக்கு விமோசனம்," என்றார்.

"வாயை மூடிக்கிட்டு என் வலது கையைப் பின்னாடி கட்டுங்க."

அவர் துண்டை எடுத்து அவள் கையை முதுகோடு சேர்த்துக் கட்டினார். கயிறு இழுக்கும் டப்பா முதல் இழுப்பிலேயே கயிற்றோடு சேர்ந்து வந்து தரையில் விழுந்தது. கைப்பிடி சுற்றும் டப்பா தானும் கூடவே சுற்றியது. தோல் சீவியை வைத்ததும் உருளைக்கிழங்கு மேஜையின் மறு கோடிக்கு ஓடியது. முட்டை உடைக்கும் கருவியைப் பார்த்து டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். "முட்டைய ஒத்தக் கையால உடைக்கறதுதானே வழக்கம். இதுக்கு ரெண்டு கை வேணும் போலிருக்கே," என்றார். அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது, ஆனால் அவர் சொன்னது நிஜம்.

இருந்தாலும் மூன்று தேறின. மூடியை அமுக்கினால் வெட்டுகிற டப்பா, தலையில் ஒரு தட்டுத் தட்டினால் சுழல்கிற கரண்டு சாப்பர், ரப்பர் கால்களால் மேஜையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிற சீவல் பலகை. மூன்றிலும் காய் வெண்ணெயாக வெட்டுப்பட்டது. சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மத்தியானமே மூன்றையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்காவுக்கு வலப்பக்கமாக, அடுப்பை ஒட்டி நின்றுகொண்டாள். அவள் எப்போதும் நிற்கிற இடம் அது. "அமுக்குக்கா," என்றாள்.

அக்கா கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து வைத்து, இடது கையால் மூடியை அமுக்கினாள். வெங்காயம் வழுக்கித் தள்ளிப் போய் நின்றது. திரும்ப வைத்து அமுக்கினாள். பாதி இறங்கி அப்படியே மாட்டிக்கொண்டது. சீவல் பலகையில் கேரட் இரண்டு இழுப்புக்கு மேல் நகரமாட்டேன் என்றது. சாப்பருக்குள் முழுக் கேரட் போகவே இல்லை.

"இதை நாலாத் துண்டு போட்டுத்தான் உள்ள போடணும்," என்றாள் சின்னவள்.

"வெட்டறதுக்கு முன்னாடி வெட்டணும்னா, அப்புறம் இது எதுக்குடி?"

"அக்கா, அந்த முதல் டப்பாவையே எடு. நல்லா அமுக்கு."

"அமுக்கறேன்."

"இன்னும்."

"அமுக்கிக்கிட்டுதான் இருக்கேன், கண்ணு தெரியலையா உனக்கு."

"நீ மனசு வச்சு அமுக்கல. ஒத்தக் கையால நான் செஞ்சேன்க்கா, காலையில செஞ்சு பார்த்துட்டுத்தான் கொண்டுவந்திருக்கேன். உனக்கு இங்க இருக்கணும்னு ஆசை இருந்தா ஒழுங்கா அமுக்கியிருப்பே."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அக்கா இடது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சின்னவளுக்குத் தன் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போல இருந்தது. அந்தக் கோபத்தையும் டப்பா மேல்தான் காட்டினாள். மாட்டிக்கொண்ட வெங்காயத்தைக் கத்தியால் குத்திக் குத்தி எடுத்தாள். பிறகு தானே சமைத்துத் தட்டில் போட்டுக் கொடுத்தாள். அக்கா இடப்பக்கம் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு, வலப்பக்கம் இருந்த காயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். ஒரு வருஷமாக இதே கதைதான். தன் சமையல் அக்காவுக்குப் பிடிக்கவில்லை என்று சின்னவள் உள்ளுக்குள் குமைந்துகொண்டே தட்டைக் கழுவினாள்.

விஷயத்தை உடைத்தவர் டிரைவர். மறுநாள் காலை டீயை ஆற்றிக்கொண்டே, "உங்கக்கா தப்பு ஒண்ணும் இல்ல. நீ என்ன பண்ணேன்னு நான் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்," என்றார்.

"என்ன பண்ணேன்?"

"முந்தின நாளே கேரட்ட தண்ணியில போட்டே. காலையில எழுந்ததும் வெங்காயத்துக்குத் தலையும் காலும் சீவி வச்சே. எல்லாம் முடிச்சுட்டு என்னைக் கூப்பிட்டு, கையைக் கட்டுங்கன்னே."

சின்னவள் டம்ளரைக் கீழே வைத்தாள். சத்தியமாக அவளுக்கு அது நினைவே இல்லை. கை தன் பாட்டுக்குச் செய்துவிட்டு வந்திருக்கிறது. காயைத் தயார் செய்ய இரண்டு கை, அதற்கப்புறம் ஒற்றைக் கைச் சோதனை. இப்படி ஒரு கூத்தை வேறு எவளாவது அடித்திருப்பாளா? உடனே எழுந்து, ஊறவைக்காத ஒரு கேரட்டையும் சீவாத ஒரு வெங்காயத்தையும் எடுத்து, கையைக் கட்டச் சொல்லி, மூன்று சாமானையும் மறுபடி பார்த்தாள். மூன்றும் அவளுக்கும் சொதப்பின.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. தன் கடை போதாதென்று மற்ற கடைகளிலும் ஏறி இறங்கினாள். அங்கே இவளைப் போலவே மேஜைக்குப் பின்னால் நின்றவர்களிடம், "கூடையிலேருந்து எடுத்து அப்படியே வெட்டிக் காட்டுங்க, பார்ப்போம்," என்று வம்புக்கு நின்றாள். அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். இவளும் எத்தனை பேருக்கு அதே சிரிப்பைக் காட்டியிருப்பாள். கடையில் தன் மேஜைக்கு முன் கூட்டம் கூடும்போதெல்லாம், இதில் எத்தனை சாமான் அலமாரிக்குள் தூங்கப் போகிறதோ என்ற நினைப்பு வந்து, நாக்கு நடுவில் தடுக்கியது. மேனேஜர் கூப்பிட்டு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அக்காவின் சமையலறையில் டப்பாக்கள் சேர்ந்துகொண்டே போயின. பாட்டில் திறப்பான், பூண்டு நசுக்கி, சுருள் சுருளாகச் சீவும் கருவி, சூட்டைத் தாங்கும் கையுறை என்று அவசரத்தில் சம்பந்தம் இல்லாததையெல்லாம் வாங்கிவந்தாள். காயைக் குத்தி நிறுத்துவதற்கு ஆணி அடித்த பலகை ஒன்று கிடைத்தது. அது உண்மையிலேயே கொஞ்சம் வேலை செய்தது. வெங்காயம் அசையாமல் நின்றது. இரண்டாம் நாள் அக்கா பலகையின் வலது ஓரத்து ஆணியின் மேல் இடது கையை நேராகக் கொண்டுபோய் வைத்துக் குத்திக்கொண்டாள்.

"அவ்ளோ பெரிய ஆணி, கண்ணுக்கு முன்னாடி இருக்கு. பார்க்க மாட்டியா?" என்று சின்னவள் கட்டுப் போட்டுக்கொண்டே திட்டினாள்.

"பார்த்தாத்தானே," என்றாள் அக்கா. இருக்கிற ஒரு கையிலும் காயம் என்றால் அப்புறம் தண்ணீர் குடிக்கக்கூட ஆள் வேண்டும். பலகையை எடுத்து மூலையில் போட்டார்கள். அத்தோடு பதினான்கு சாமான் ஆகிவிட்டது.

வியாழக்கிழமை தெரபிஸ்ட் வருகிறாள் என்றால் புதன்கிழமை சாயங்காலம் சின்னவள் கடையிலிருந்து வந்து உடை கூட மாற்றாமல் தண்ணீரைச் சுடவைத்தாள். உப்பைப் போட்டாள். ஆறு கேரட்டை எண்ணிப் போட்டாள். வெங்காயத்தின் முனைகளைச் சீவி, இளசான உருளைக்கிழங்காகப் பொறுக்கி வைத்தாள். இந்த முறை கை தன் பாட்டுக்குச் செய்தது என்று சொல்ல முடியாது. தெரிந்தேதான் செய்தாள். ஏமாற்று என்றே வைத்துக்கொள்ளட்டும், அக்காவை ஐந்தாவது மாடிக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் யோக்கியமாக இருந்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்டுக்கொண்டாள். டிரைவர் பார்த்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

காலையில் காய்ப் பையை அக்காவிடம் கொடுத்தாள். அக்கா ஒரு கேரட்டை எடுத்துப் பார்த்தாள்.

"என்னடி, இது வளையுது."

"புது ரகம்."

அக்கா தங்கையின் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு கேரட்டை மேஜை மேல் வைத்தாள்.

தெரபிஸ்ட் சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. தோளில் பை, கையில் ஒரு அட்டை, அதில் செருகிய காகிதம். சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அடுப்பை ஒட்டி நின்ற சின்னவளைப் பார்த்து, "நீங்க அங்க வேண்டாம், இப்படி ஜன்னல் பக்கமா வந்துடுங்க. பேசவும் வேண்டாம்," என்றாள். சின்னவள் இடம் மாறினாள்.

அக்கா வாணலியை அடுப்பில் வைத்து, எண்ணெய் விட்டு, பற்றவைத்தாள். பிறகு காய்ப் பக்கம் திரும்பி, அமுக்கு டப்பாவை எடுத்தாள். வெங்காயம் ஒரே அமுக்கில் கட்டம் கட்டமாக விழுந்தது. கேரட் விழுந்தது. உருளைக்கிழங்கு விழுந்தது. சின்னவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் இவ்வளவு அழகாக அந்த டப்பா வேலை செய்து அவளே பார்த்ததில்லை. அக்காவின் முகத்தில் ஒரு வருஷமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு வந்தது. ஒரு கேரட் போதும் என்ற இடத்தில் மூன்றை வெட்டினாள். நாலாவதையும் எடுத்தாள். அமுக்குக்கா, அமுக்கு என்று சின்னவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முக்காலி நகரும் சத்தம் கேட்டது. தெரபிஸ்ட் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அப்போதுதான் சின்னவள் நிமிர்ந்தாள். சமையலறை பாதி புகையாக இருந்தது. வாணலி கருத்துப்போயிருந்தது.

"அம்மா, அடுப்புல என்ன வச்சீங்க?" என்று தெரபிஸ்ட் மெதுவாகக் கேட்டாள்.

அக்கா கேரட்டும் கையுமாகத் திரும்பினாள். தலையை முழுக்க வலப்பக்கம் திருப்பிய பிறகுதான் வாணலி அவள் கண்ணில் பட்டது. முகம் செத்துப்போனது.

தெரபிஸ்ட் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு பேனாவை எடுத்து அக்காவுக்கு வலப்பக்கத்தில் பிடித்து ஆட்டினாள். "தெரியுதா?" அக்கா இல்லை என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்தாள். மூக்குக்கு நேரே வந்ததும், "இப்ப தெரியுது," என்றாள் அக்கா.

"ஸ்ட்ரோக்ல இவங்களுக்கு வலது பக்கப் பார்வையும் போயிருக்கு. ரெண்டு கண்ணுலயும் அந்தப் பாதி தெரியாது. தெரியலைங்கறதே அவங்களுக்கு உறைக்காது. ஆஸ்பத்திரி பைல்ல எழுதியிருக்கோமே, யாரும் படிக்கலையா?" என்று கேட்டாள் தெரபிஸ்ட்.

யாரும் படிக்கவில்லை. அது அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்தது. சின்னவளுக்குத் தட்டில் பாதி மிச்சம் வைத்ததும், ஆணியில் கை வைத்ததும் ஒன்றன்பின் ஒன்றாக உறைத்தன. ஆறு வாரமும் அவளே அக்காவுக்கு வலப்பக்கம் நின்று, அடுப்பைக் குறைத்தும் அணைத்தும் வந்திருக்கிறாள். இன்றைக்குத்தான் இடம் மாறி நின்றாள்.

"ஆனா வெட்டினாங்களே, நல்லா வெட்டினாங்களே," என்றாள். அவள் குரல் அவளுக்கே கேவலமாக இருந்தது.

"அந்தக் கேரட் உடையறப்ப சத்தமே வரலீங்க," என்றாள் தெரபிஸ்ட். திட்டுகிற குரலில்கூடச் சொல்லவில்லை. "வெட்டறத நான் கணக்குலயே எடுக்கல. வெட்டின காய் பாக்கெட்டுல விக்கறாங்க, வாங்கிக்கலாம். அடுப்பப் பத்தவச்சா அணைக்கறாங்களா, சூடான பாத்திரத்த ஒழுங்கா இறக்கறாங்களா, நான் பார்க்க வந்தது அதுதான்."

வரிசையாக அடுக்கி வைத்த பதினான்கு சாமானும் அலமாரியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தன. சின்னவளுக்கு அத்தனையையும் வாரித் தெருவில் போட வேண்டும் போல இருந்தது. அக்கா புகை படிந்த ஜன்னலைத் தலை திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னிக்கு எழுதச் சொன்னா நான் 'முடியாது'ன்னுதான் எழுதணும். ஒரு வாரம் தள்ளி வைக்கறேன். அடுத்த வியாழன் வருவேன். அடுப்பு இவங்க ஞாபகத்த நம்பி இருக்கக் கூடாது. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க," என்று தெரபிஸ்ட் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் சின்னவள் ஒரு பெரிய பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தாள். வாசலில் நின்று கைக்குட்டையால் பெட்டி மேல் இருந்த தூசியைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். அது ஒரு மின்சார அடுப்பு. எத்தனை நிமிஷம் என்று முதலில் போடாவிட்டால் சூடேறவே ஏறாது. நேரம் முடிந்தால் தானாக அணையும். பாத்திரம் காய்ந்துபோனால் நேரம் முடியாவிட்டாலும் அணையும். பழைய அடுப்பைக் கழற்றிவிட்டு, இதை அக்காவுக்கு இடது கைப்பக்கமாக வைத்தார்கள். டிரைவர் வந்து இணைப்புக் கொடுத்தார். ஒரு வாரம் அக்கா வேறு எதையும் பழகவில்லை. குமிழைத் திருகி நேரம் போடுவது, பாத்திரத்தை வைப்பது, தலையைத் திருப்பி வலப்பக்கம் ஒரு முறை பார்ப்பது. சின்னவள் இடப்பக்கம் வந்து வாயைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினாள். இரண்டு பேரில் யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று சொல்வது கடினம்.

வியாழக்கிழமை தெரபிஸ்ட் வந்தாள். அக்கா பன்னிரண்டு நிமிஷம் என்று குமிழைத் திருகினாள். பாத்திரத்தை வைத்து, கோப்பை கோப்பையாகத் தண்ணீரை ஊற்றி, வெட்டின காய்ப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக் கொட்டினாள்.

"தபால் ஆபீஸ்லயா வேலை பார்த்தீங்க? விலாசமே இல்லாத கடிதாசு எல்லாம் வருமாமே," என்று தெரபிஸ்ட் பேச்சுக் கொடுத்தாள்.

வேண்டுமென்றேதான் கேட்கிறாள் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. ஆனால் அக்காவிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். 'பெரிய மாமாவுக்கு, ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில்' என்று மட்டும் எழுதி வந்த ஒரு கடிதத்துக்கு ஆளைத் தேடிப் பிடித்த கதையை ஆரம்பித்தாள். கதை நீண்டது. பாலத்துக்குப் பக்கத்தில் மூன்று பெரிய மாமாக்கள் இருந்தார்கள். மூன்று பேருமே கடிதம் தங்களுக்குத்தான் என்றார்கள். சூப் கொதித்தது, மூடி தடதடவென்று ஆடியது. அக்கா திரும்பவில்லை. அக்கா, அடுப்பு என்று கத்த வேண்டும் போல் சின்னவளுக்கு இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மூடியின் ஆட்டம் அடங்கியது.

அக்கா கதையை நிறுத்தி எழுந்தாள். கரண்டியால் ஒரு கேரட் துண்டை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். வெந்திருந்தது. கிண்ணத்தைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, பாத்திரத்தைத் தூக்காமல் கரண்டியால் அள்ளி ஊற்றினாள். தெரபிஸ்ட் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்று பேரும் சூப் குடித்தார்கள். உப்புப் போட அக்கா மறந்திருந்தாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தெரபிஸ்ட் போன பிறகு மகனுக்குப் போன் போட்டார்கள். "சரிம்மா, இருந்துக்கோ," என்றான். போனை வைத்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னவளும்தான் அழுதாள், சத்தம் போட்டே அழுதாள்.

சாயங்காலம் சமையலறையைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார்கள். பதினான்கு சாமானையும் சின்னவள் ஒரு மூட்டையாகக் கட்டினாள். அடுப்பு வந்த பெட்டியில் ஏதாவது போட்டு வைக்கலாம் என்று அக்கா அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முப்பது வருஷத்துப் பழக்கம், பெட்டி என்று ஒன்று கைக்கு வந்தால் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல் அவளால் கீழே வைக்க முடியாது. பெட்டியை இடப்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். கடைக்கு வந்து சேர்ந்த தேதி அதில் அச்சடித்திருந்தது.

"இது உங்க கடைக்கு வந்து நாலு வருஷமாச்சு," என்றாள்.

சின்னவளின் கை மூட்டை முடிச்சில் நின்றது. "ஆமாக்கா."

"திரை எரிஞ்சு ரெண்டு மாசம்கூட ஆகல."

"ஆமா."

"எங்க வச்சிருந்தாங்க?"

"கடைசி வரிசையில. சுவர் ஓரமா."

"நீ தினம் அந்தப் பக்கம் போவேல்ல?"

"சாப்பாட்டு டப்பாவ அதுக்கு மேலதான் வைப்பேன்."

அக்கா பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எந்தக் கேள்விக்கும் வாடிக்கையாளர் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வைத்திருக்கிற வாய் சின்னவளுடையது. இந்த முறை முடிச்சை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னாள்.

"அதுல காட்டறதுக்கு ஒண்ணும் இல்லக்கா. பத்து நிமிஷம் கழிச்சு அணையும், அவ்ளோதான். யாரு நின்னு பார்ப்பாங்க?"

"நான் பார்த்திருப்பேன்டி," என்றாள் அக்கா.